பத்து நாள் சீட்டு

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்கிற கூட்டம் நாம். தபால்காரரைத் தவிர நம்மில் யாரையும் "வாங்க" என்று சொல்ல ஆளில்லை. அதிலும் எனக்கு வாய்த்தது பிளேக் சேவகன் உத்தியோகம். பிளேக் கண்ட ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு ஸ்டேஷனில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பத்து நாள் அவர் வெளியே தலைகாட்டக் கூடாது. நான் தினம் போய் நாக்கு, நாடி, அக்குளில் பிளேக் கட்டி எல்லாம் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

கருப்பட்டி மண்டி

ராயபுரத்தில் தெற்கத்திக்காரர் ஒருவர் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். பின்கட்டிலேயே வீடு. சரக்கு விஷயமாக வெளியூர் போனவர் சீட்டோடு திரும்பினார். நான் படியேறினால் போதும், மண்டியில் நின்ற கூட்டம் மாயமாய் மறைந்துவிடும். ஏழாம் நாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, கொள்ளை நோயின்னா ஒரே நாள்ல வந்து கொண்டுட்டுப் போயிரும். நீரு பத்து நாளு வாரீரே!"

முக்காலி

திருவொற்றியூர் வேலாயுதம் வேறு ரகம். பெரம்பூர் ரயில் பட்டறையில் சம்மட்டி அடித்து ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் ரங்கூனுக்குக் கப்பலேறினான், கடிதமும் நின்றுவிட்டது. அந்த வீட்டில் மட்டும் எனக்கு முக்காலி துடைத்துப் போட்டிருக்கும். நாக்கைக் கேட்டால் பல்லையும் காட்டுவார். முட்டிவலி பிளேக்கில் சேர்த்தியா என்று தினமும் கேட்பார்.

பத்தாம் நாள் கடைசிக் கையெழுத்தைப் போட்டு, "தப்பிச்சீங்க மேஸ்திரி" என்றேன். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, அதுக்குள்ள பத்து நாள் ஆய்ட்ச்சா?"

மறுபடியும் வேலாயுதம்

மூன்று வாரம் கழித்து, சீட்டு வாங்கியவர்கள் பட்டியலில் மறுபடி அவர் பெயர். அடுத்த மாதமும் அவரேதான். "கிழவன் எதையோ கடத்துகிறான். விசாரி, இல்லாவிட்டால் கொட்டகையில் தள்ளிவிடுவேன்" என்றார் எங்கள் பிளேக் இன்ஸ்பெக்டர். ஊருக்கு வெளியே இருந்த அந்த நோய்க் கொட்டகைக்குப் போன வயசாளிகள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நேரடியாகவே கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை. பெரம்பூருக்குப் போய், எந்த ஊரில் பிளேக் என்று பட்டறை ஆட்களிடம் விசாரிப்பாராம். அந்த ஊருக்கே டிக்கெட் எடுத்துப் போய், பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவாராம். எல்லாம் அந்தச் சீட்டுக்காக! உயிருக்குப் பயந்து ஊர் ஊராய்ச் சனம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சத்தியமாக அந்த மனிதரை விழுந்து கும்பிடத் தோன்றியது.

"ஒடம்பு எப்டி கீதுன்னு கேக்க நீ ஒர்த்தன்தானே நைனா கீறே."

புறப்பட்ட ஊர்

இனி போகவேண்டாம், சீட்டு இல்லாமலே தினம் வருகிறேன் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சும்மா வந்தால் பரிதாபப்பட்டு வருகிற மாதிரி, சீட்டு இருந்தால்தான் வேலையாக வருகிற மாதிரி என்றார்.

இனி அவர் ரயிலேறமாட்டார் என்று இன்ஸ்பெக்டரிடம் நான் ஜாமீன் சொன்னேன். பிறகு ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, புறப்பட்ட ஊர் திருவொற்றியூர், வந்து சேர்ந்த ஊர் திருவொற்றியூர் என்று எழுதினேன். வெளியே தெரிந்திருந்தால் என் சீட்டுக் கிழிந்திருக்கும். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்துகீறேன். நல்லா பாரு நைனா."

நான் போகாத மூன்று நாள்

பத்து நாளுக்கொரு புதுச் சீட்டாக எழுதி, தினமும் போய்க்கொண்டிருந்தேன். மறுவருஷம் எனக்கு மலேரியா. ராயபுரத்தில் ஒண்டிக்கட்டையாக ஓர் அறையில் கிடந்தேன். பிளேக் சேவகனுக்கே காய்ச்சல் என்றதும் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டால்கூடப் பதில் இல்லை. சீட்டோடு பத்து நாள் அடைந்து கிடக்கிறவர் கண்ணில் என் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

நாலாம் நாள் கதவு தட்டும் சத்தம். என் அறையை விசாரித்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்திருந்தார் வேலாயுதம். கக்கத்தில் அந்த முக்காலி. கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் என் அக்குளைத் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கட்டி ஒண்ணும் இல்ல. எங்க, நாக்க நீட்டு நைனா."

என் பன்னிரண்டு வருஷ சர்வீஸில், பத்து நாளும் தவறாமல் வந்து என் நாக்கைப் பரிசோதித்த ஒரே மேலதிகாரி அவர்தான்.