கூடை நிறைய வரையாட்டுப் புழுக்கை

எழுபதுகளின் நடுவில், வரையாடு எங்கே மேயும் என்று ஆட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்று மூணாறு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். விலங்கியல் மேற்படிப்பு மாணவி அல்லவா, தலைகால் புரியவில்லை! சரிவு, பாறை, புல், தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கிட்டு, மலையைக் கட்டம் கட்டமாக வரைந்தேன். ஆடு வரும் கட்டத்துக்குச் சிவப்பு மை. வராத கட்டம் வெள்ளை. படம் சரிதானா என்று சோதிக்க ஒவ்வொரு கட்டத்திலும் புழுக்கையை எண்ண வேண்டும். தப்பாகிப் போனால் மலையை விட்டு இறங்கிவந்து கல்லூரியில் தவளை அறு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். தவளை என்றாலே எனக்குக் குமட்டும்.

அவர் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும், தேயிலைக் கொழுந்து கிள்ளும் என் சித்தியையும் அவள் கூட்டாளிகள் இருவரையும் கீழ்க் கட்டங்களுக்கு அனுப்பினேன். கட்டங்களைக் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருந்தேன். மேல் கட்டங்களை நானே எண்ணினேன். சிவப்பில் குவியல் குவியலாகக் கிடந்தது, வெள்ளையில் ஒன்றுமே இல்லை! துள்ளிக்கொண்டு இறங்கி வந்தால், சித்தி முதுகுக் கூடை நிறையப் புழுக்கையோடு நிற்கிறாள்.

"ஐயோ சித்தி, எண்ணத்தானே சொன்னேன்?"

"போடி, குனிஞ்சு குனிஞ்சு எண்ணிக்கிட்டா இருப்பாக? மொத்தமா நிறுத்துப் பாத்துக்க."

காலமெல்லாம் கொழுந்தை எடை போட்டே பழகியவர்கள். அவர்களிடம் எண்ணச் சொன்ன என் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டும். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. பேராசிரியர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"முக்காக் கூடை அந்தத் தேயிலை ஓரத்துக் கட்டத்துல பெறக்குனது சார். மத்ததுல கொஞ்சந்தான்."

அது வெள்ளைக் கட்டம். போச்சு, இனித் தவளைதான்!

"அங்கே எதுக்கும்மா ஆடு வருது?" என்று அவர் சித்தியையே கேட்டார்.

"மத்தியானம் நாங்க அங்கதான கஞ்சி குடிக்கோம். கருவாட்டுச் சட்டி கழுவுன தண்ணிய அந்தப் பாறையில ஊத்துவோம். உப்பு நக்க வராம என்ன செய்யும்?"

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "தவளை வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இரு. படத்தை மறுபடி வரை" என்றார். நான் சித்தியைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் கூடை கவிழ்ந்து எல்லோர் காலிலும் புழுக்கை. மூன்று பெண்களும் என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

சாயங்காலம் புதுத் தாளை விரித்து உட்கார்ந்தபோதுதான் சுருக்கென்று உறைத்தது. அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். மலையில் இருந்ததையெல்லாம் கணக்கில் எடுத்துவிட்டு, எங்கள் ஆட்களை மட்டும் விட்டுவிட்டேன்.