வாலைத் தூக்கச் சொன்னால்

பல்செட்டுக்காரர் ஒரு இடத்தில் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உடம்பு உட்கார்ந்திருந்தாலும் ஒரு கால் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். பகலில் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டும் வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் பிழைத்தார். ஆபீசில் போட்டிருந்தால் மூன்றாம் நாளே மேஜையோடு நடந்து வெளியே வந்திருப்பார்.

வீட்டில் துணி துவைக்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு குட்டி லேத்தைச் சொருகி வைத்திருந்தார். அதில் அவர் கடைவது ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகுகளுக்கான சாமான். படகு என்றதும் ஏறிப் போகலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம், கை நீளம்தான் இருக்கும். ஆனால் வேகமெடுத்தால் வயிறு தண்ணீரில் படாது. அதன் பின்புறத்தில், சுழலும் விசிறியின் தண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு அலுமினியத் தாங்கி உண்டு. அந்தத் தாங்கிக்கு அவர் வைத்த பெயர் வால். யாரையும் கேட்டு வைக்கவில்லை. செய்தவன் வைத்ததுதானே பெயர்.

கடையில் விற்கிற தாங்கியில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே, நடுவே, கீழே. எதிலாவது மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். இவருடையதில் ஒரு நீளத் துளை, இரண்டு போல்ட், தாங்கியின் உச்சியில் ஒரு பொடித் திருகு. தலைமுடியளவு ஏற்றலாம், முடியளவு இறக்கலாம். திருக முடியாத பொருள் பொருளே இல்லை என்பது அவர் கட்சி. மனைவி உட்காரும் ஸ்டூலுக்கும் ஒரு திருகு வைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் காபியோடு அதில் உட்கார்ந்து, திருகு இறங்க இறங்க மெதுவாகத் தரைக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து எங்கே உட்கார்வதானாலும் முதலில் குனிந்து பார்க்கிறார்.

படகை ஓட்டுவது அந்த அம்மாளின் தம்பி. சலூன் வைத்திருக்கிறான். மத்தியானம் சலூனில் ஆள் இருக்காது. அப்போது ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கிய கல்குவாரிக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்வான். சாயங்காலம் படகு வீட்டுக்கு வரும், கூடவே அவனும் வருவான். அவன் வந்தால் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் சத்தம் வரும். அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் வாரிவிட்டுச் சிரிப்பார்கள். இவர் துணி மெஷின் பக்கம் நின்று திருகிக்கொண்டே அதைக் கேட்பார். மற்ற நாள்களில் வீட்டில் பேசுவது மிக்ஸி மட்டும்தான்.

இந்த சீசனில் படகு ஓடியதைவிட மல்லாந்ததுதான் அதிகம். வேகமெடுத்ததும் மூக்கைத் தூக்கும், காற்று அடியில் புகும், அப்படியே பின்பக்கமாகப் புரண்டு வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதக்கும். ஒவ்வொரு தடவையும் மச்சான் போனில் சொன்னது ஒன்றுதான். வாலைத் தூக்குங்க மாமா. இவரும் தூக்கினார். அடுத்த தடவை முன்னைவிட மோசம். இன்னும் தூக்கணும் மாமா. இன்னும் தூக்கினார்.

எதைத் தூக்க, ஏன் தூக்க என்று அவர் கேட்கவில்லை. அது பல் வேலையில் வந்த பழக்கம். உயரமாக இருக்கிறது என்று வாய்க்காரர் சொன்னால் ராவிக் கொடுக்க வேண்டும், விவாதம் பண்ணக்கூடாது. கடித்துப் பார்த்தவருக்குத்தானே தெரியும். படகைக் கடித்துப் பார்த்தவன் மச்சான்.

கடைசியாக மல்லாந்த அன்று மச்சான் சிரிக்காமல் வந்தான். படகைத் துணி மெஷின் மேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய பந்தயத்துலயும் மல்லாந்துச்சுன்னா, கடைச்சரக்கையே மாட்டிக்கிறேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

அலைச்சல் மிச்சமாம். அலையாவிட்டால் அந்த மனுஷனுக்கு மூச்சே வராது. கடைச்சரக்கு மாட்டினால் சாயங்காலம் இந்தப் பக்கம் வர மச்சானுக்கு என்ன வேலை?  பல்செட்டுக்காரர் தலையை ஆட்டினார். பதில் சொல்ல வேண்டியதைக் கால் ஆடித் தீர்த்துக்கொண்டது.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. ஓட்டத்தின் அதிர்வில் தன் திருகுதான் நழுவி வால் கீழே இறங்கிவிடுகிறது என்று அவர் முடிவு கட்டினார். திருகைப் புதிதாகக் கடைந்தார், பிடிக்கவில்லை, மறுபடி கடைந்தார். துளையின் இரண்டு பக்கமும் பல் வெட்டி நழுவாமல் செய்தார். அலுமினியச் சுருள் கூடத்துக்கு வந்தது, கட்டிலுக்கு வந்தது, சோற்றிலும் ஒன்று கிடைத்தது. மனைவி அதை எடுத்துத் தட்டின் ஓரமாக வைத்து, இது வாலா மூக்கா என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்குக் கீழ்ப்பல்லை மேல்தாடைக்கு நீட்டினார். பெரியவர் அதை வாயில் வாங்காமலே, நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க தம்பி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சலூனுக்கு அறுவடை நாள். அதைப் பூட்டிவிட்டு மச்சான் வந்திருந்தான்.  மனைவி குடையோடு ஒரு பாறையில் உட்கார்ந்தார், குனிந்து பார்த்துவிட்டுத்தான். பல்செட்டுக்காரர் குவாரியின் கரையில் மேலும் கீழும் நடந்து ஒரு புதுப் பாதையே போட்டுவிட்டார்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த நேரத்தில் படகு பாதித் தூரம் போவதற்குள் மூக்கைத் தூக்கியது. மச்சான் வேகத்தைக் குறைத்ததால் பொத்தென்று திரும்ப விழுந்து தப்பியது. பக்கத்தில் நின்ற போட்டிக்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அதுதான் ரொம்ப வலித்தது. மச்சான் படகைக் கரையேற்றி அவர் முன்னால் வைத்தான்.

“வாலைத் தூக்குங்க, தூக்குங்கன்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன். நீங்க தூக்குறீங்களா, இல்ல தூக்குற மாதிரி நடிக்கிறீங்களா?”

“இனி எங்கடா தூக்க? துளையோட உச்சியில நிக்குது. இதுக்கு மேல தூக்கணும்னா படகுக்கு மொட்டை மாடிதான் கட்டணும்.”

“கீழ கிடக்குது மாமா. இதைத்தான் தூக்கணும்.” மச்சான் படகின் பின்பக்க அடியில் ஒரு விரலைக் கொடுத்து உயர்த்தினான். படகின் பின்புறம் எழுந்தது, மூக்கு தாழ்ந்தது.

பல்செட்டுக்காரரின் கால் நின்றது. மனைவி குடையை மடக்கினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தக் கால் நின்று அவர் பார்த்ததில்லை.

“மாப்ள, நீ எதை வால்ங்கிற?”

“படகோட பின்பக்கத்தை. தலைன்னு ஒண்ணு இருந்தா வால்னு ஒண்ணு இருக்காதா?”

“அப்ப இது?” தாங்கியைத் தொட்டுக் காட்டினார்.

“அது உங்க சாமான். அதுக்குப் பேரெல்லாம் எனக்கென்ன தெரியும்?”

தாங்கியை ஏற்றினால் விசிறி மேலே போகும், படகின் பின்புறம் தண்ணீரில் உட்காரும், மூக்கு வானம் பார்க்கும். பின்புறம் எழ வேண்டுமானால் தாங்கியை இறக்க வேண்டும். சீசன் முழுக்க மச்சான் தூக்கச் சொல்லச் சொல்ல இவர் அமுக்கியிருக்கிறார், அதுவும் முடியளவு சுத்தமாக. திருகு எந்தக் காலத்திலும் நழுவியதே இல்லை. சந்தோஷப்படுவதா, குவாரியில் குதிப்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

மனைவிக்குத் தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை. பாறையிலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். “எழுதினது சரி, கொண்டு போனதும் சரி. விலாசம்தான் தப்பு. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க, விசில் ஊதப் போறாங்க.”

போல்ட்டைத் தளர்த்திவிட்டு பல்செட்டுக்காரர் எப்போதும் போல மச்சானை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு இறக்க? மச்சான் உதட்டைப் பிதுக்கினான். தாங்கியை இறக்கி இந்தப் படகு ஓடியதை அவன் பார்த்திருந்தால்தானே. குறைவாக இறக்கினால் மல்லாரும், அதிகமானால் மூக்கைக் குத்தி முழுகும். வாய்க்காரர் வாயைத் திறக்காதபோது பல்லை எப்படிப் பொருத்துவது? வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கை சொன்னதைத் தானே கேட்க வேண்டியிருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு திருகினார், விரலுக்குப் போதும் என்று பட்ட இடத்தில் நிறுத்தினார், கொஞ்சம் பயந்து இன்னும் ஒரு துளி இறக்கினார், போல்ட்டை முடுக்கினார்.

விசில் ஊதினார்கள். படகு போனது. முதல் வளைவில் முன்னால் போனவன் கிளப்பிய அலையில் எகிறியது. மூக்கு எழுந்ததும் பல்செட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கி, பாருங்க, பாருங்க என்றார். மூக்கு இறங்கி வந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எழவே இல்லை. எருமை உழுவது மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, நிதானமாக, கடைசிக்கு முந்திய இடத்தில் வந்து சேர்ந்தது. கடைசி இடத்தில் வந்தது மல்லாந்து கிடந்த இன்னொருவன் படகு.

ஜெயித்தவனுக்குக் கை தட்டிவிட்டு மச்சான் படகைத் துடைத்தபடி வந்தான். முகத்தைப் பார்த்தால் திட்டப்போகிறவன் மாதிரிதான் இருந்தது. கடைச்சரக்கைப் பற்றி எப்போது எடுப்பான் என்று பல்செட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார், கையில் போல்ட் திருகும் ஆலன் கீயைச் சுழற்றிக்கொண்டு.

“ரொம்ப இறக்கிட்டீங்க மாமா. மல்லாரலை, ஆனா ஓடவும் இல்ல.”

“பயந்துட்டேன்டா.”

“நாளைக்கு மத்தியானம் ஓட்டிப் பார்க்கிறேன். சாயங்காலம் கொண்டு வர்றேன், கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பார்ப்போம்.”

“போன்ல சொல்லாத. நேர்ல வந்து விரலை வச்சுக் காட்டு.”

“தினமுமா?”

“தினமும்தான். காபி போட உங்கக்கா இருக்கா, உனக்கென்ன?”

அக்கா குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இனி அந்த வீட்டில் வால் என்ற வார்த்தையை எடுப்பவர்களுக்குக் காபி கிடையாது என்று திரும்பிப் பார்க்காமலே அறிவித்தார். பல்செட்டுக்காரர் படகை வாங்கிக்கொண்டு பின்னால் வேகமாக நடந்து, நடந்துகொண்டே தாங்கியின் ஒரு போல்ட்டைத் தளர்த்திவிட்டார்.