அண்ணாவின் ஃபசான்களும் எனது அறையும்

அண்ணா மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி நல்லதாக எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நல்லதுதான் எழுத வேண்டும். ஆனால் அவர் வளர்த்த ஃபசான் பறவைகளை விட்டுவிட்டு அண்ணாவைப் பற்றி எழுத முடியாது. அவற்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அண்ணா சாவகச்சேரியில், எங்கள் அப்பாவின் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அந்த வீட்டில் நாங்கள் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை. நாட்டில் பிரச்சினை கூடியபோது கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்தார். அகதி முகாமில் வேலை செய்ய அனுமதியின்றிக் காத்திருந்தார். பிறகு ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மரம் அரிந்தார். அந்த உழைப்பில் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், என்னையும் கூப்பிட்டார். நான் வந்தேன், ஆனால் நிலைக்கவில்லை. இத்தாலியில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், மலையடிவாரத்தில் அப்பிள் பிடுங்கினேன். எப்போது திரும்பினாலும் அண்ணா வீட்டு மேல்மாடி அறை எனக்காகப் பூட்டிக் கிடக்கும்.

அண்ணா ஓயாமல் பேசுவார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு இது தெரியும். அவர் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் அன்று மாலையே உங்களுக்கெல்லாம் செய்தி வந்துவிடும்.

தொழிற்சாலையில் அவருக்கு மேலாளராக இருந்த ஜேர்மன்காரர் ஒரு வேட்டைக்காரர். ஒரு முறை, புல் வெட்டும்போது தாய்ப்பறவை விட்டுப் பறந்த ஃபசான் முட்டைகளைத் தொப்பியில் எடுத்துவந்தார். ஃபசான் என்பது நீண்ட வாலுள்ள ஒரு காட்டுக்கோழி. “உங்கள் நாட்டில் எல்லோரும் கோழி வளர்ப்பீர்கள்தானே?” என்று கேட்டார். அண்ணா “யா” என்றார்.

வேட்டைக்காரருக்குப் பறவைகள் தேவைப்பட்டது இளம் நாய்களைப் பழக்குவதற்கு. புதருக்குள் இருக்கும் பறவையை மோப்பம் பிடித்த நாய் பாயாமல் நிற்க வேண்டும். பறவை விர்ரென்று எழுந்து பறக்கும்போதும் அது நிற்க வேண்டும். சுடுவது கிடையாது. பறவை பறந்தால்தான் நாய்க்குப் பாடம். மனிதருக்குப் பழகிய பறவை பறக்காது என்பதால் தீனியை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும், அதனுடன் பேசவே கூடாது. இதை அவர் சொன்னது எங்கள் அண்ணாவிடம். உலகத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

பறவைக் காய்ச்சல் பரவிய குளிர்காலத்தில், வளர்ப்புப் பறவைகளை மூடிய கூரைக்குள் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொட்டகை இல்லாத பலர் தங்கள் கோழிகளை அறுத்துச் சமைத்தார்கள். அண்ணா என்ன செய்தார் என்பது, இத்தாலியிலிருந்து பையுடன் வந்து எனது அறைக் கதவைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“அண்ணை, என்ன கோதாரி இது? என்ர கட்டில் எங்கை?”

“கட்டில் அங்கைதான் கிடக்கு. அதுக்கு மேலை சேவல் படுத்திருக்கு. பார், என்ன வடிவு.”

“அப்ப நான் எங்கை படுக்கிறது?”

“நீ எப்ப வருவாய் எண்டு ஆருக்குத் தெரியும்? உவை எண்டாலும் ஒரு இடத்திலை இருக்கினம்.”

சமையலறையிலிருந்து அண்ணி சத்தம் போட்டார்: “கேளுங்கோ தம்பி, நல்லாக் கேளுங்கோ. நான் சொன்னா அவருக்குக் காது கேக்காது. திரைச்சீலையையும் கொத்திக் கிழிச்சுப் போட்டுதுகள்.”

நான் கூடத்துச் சோபாவில் படுத்தேன். அண்ணா மேலே போய் ஃபசான்களுக்கு ஊர்ப் புதினம் சொல்வது கீழே கேட்கும்.

வசந்தத்தில் வயலுக்குக் கொண்டுபோனோம். நாய் அழகாக நின்றது. ஃபசான் எழுந்தது. நாயைச் சுற்றி நடந்து, நேரே வந்து அண்ணாவின் சப்பாத்துக்கு அருகில் நின்றது. “வா ராசா” என்றார் அண்ணா. மற்றவையும் அப்படியே. வேட்டைக்காரர், “இது ஃபசான் இல்லை, வீட்டுப் பூனை” என்றார். இன்னும் ஒரு முறை முட்டை தருவதாகவும், அந்தக் குஞ்சுகளும் பறக்காவிட்டால் இனிக் கேட்டு வரமாட்டேன் என்றும் சொன்னார்.

அதற்குள் நுரையீரல் பழுதாகி அண்ணா தொழிற்சாலையை விட்டிருந்தார். அவரை நம்பி யாராவது கதவைத் தட்டுவதென்றால் அது அந்த முட்டைகளுக்காக மட்டும்தான். இறகுத் தூசு கூடாது, பறவைகளை விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். அண்ணா முகமூடி ஒன்று வாங்கி வந்தார்.

“உங்களுக்கு விசரே? டொக்டர் விடச் சொன்னது பறவையளை!” என்றார் அண்ணி.

“இதைப் போட்டா தூசும் போகாது, அவைக்கு என்ர முகமும் தெரியாது. ரெண்டு வேலையும் முடிஞ்சுது.”

அவருடன் வாதாட ஏலாது. ஆனால் புதுக் குஞ்சுகள் பொரித்த அந்தக் கோடை முழுவதும் தோட்டத்துக் கூட்டுக்கு அருகில் அவர் வாய் திறக்கவில்லை. அம்மா கெஞ்சியும் அடங்காத வாய், கோழிக்குஞ்சுகளுக்காக அடங்கியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இலையுதிர்காலம் தொடங்கியபோது அண்ணாவை மருத்துவமனையில் சேர்த்தோம். நோர்வேயில் எனக்கு ஒரு மீன் தொழிற்சாலை வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டுத் தீனி வைத்தேன். தினமும் தொலைபேசி வரும்.

“நீ அவையோட கதைக்கிறியோ?”

“இல்லை அண்ணை. நான் என்ன நீங்களே?”

“போனை ஒருக்காக் கூட்டுக்குக் கிட்டப் பிடி. நான் கதைக்க மாட்டன், சத்தியமா.”

நான் நம்பவில்லை. எந்த நேரமும் துண்டிக்கத் தயாராகத்தான் பிடித்தேன். ஃபசான்கள் சருகைக் கிளறின. கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அண்ணா பேசாமல் இருந்த தொலைபேசி அழைப்பு என் அறிவில் அது ஒன்றுதான். அந்த வார இறுதியில் அவர் காலமானார்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பின் வேட்டைக்காரர் வந்தார். அண்ணாவின் மகள்மாரும் நானும் ஃபசான்களைக் கொண்டு வயலுக்குப் போனோம்.

மருத்துவமனைத் தாதியருக்கும், சேவல் கூவியதைப் பொறுத்துக்கொண்ட அயலவருக்கும், துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த நண்பர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோரையும்விட, அண்ணா தொலைபேசி எடுத்தபோதெல்லாம் வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி. இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. அவர் இருந்திருந்தால் அதை உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்துச் சொல்லியிருப்பார், மறுவாரம் மீண்டும் சொல்லியிருப்பார். அவர் இல்லாததால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

எல்லாம் பறந்தன. ஒன்றுகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.