அவளுக்கு மட்டும் கேட்ட ‘டக்... டக்...’

சென்ற வருடம் மே மாதக் கடைசியில், கொழும்பு வெள்ளவத்தையில் நடந்தது இது. எங்கள் ஃபிளாட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தெருவும் ரயில் பாதையும்தான். கடல் கொந்தளிக்கிற அந்த மாதங்களில் காற்றிலேயே மெல்லிய வெண்புகை போல ஏதோ மிதந்துகொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி, கொடியில் காயும் துணி, கீழே நிற்கும் கார் எல்லாவற்றிலும் உப்பு படியும்.

கார் பதினெட்டு வருடப் பழையது. பெரும்பாலும் ஓட்டுவது என் மனைவிதான். ஐம்பது வயதில் லைசென்ஸ் எடுத்தவள். பின்னேரங்களில் ரேடியோகூடப் போடாமல், கடலோரமாக மரைன் டிரைவில் மெதுவாக ஊர்ந்து போய் வருவாள். எங்கே போனீர் என்று கேட்டால், “சும்மாதான்” என்பாள். அந்த அரை மணி நேரம் அவளுடையது. திரும்பி வரும்போது முகம் நித்திரையிலிருந்து எழும்பிய குழந்தையின் முகம் மாதிரி இருக்கும்.

அன்று அப்படி இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கதிரையில் விழுந்தாள். எங்கள் குறுகிய ஒழுங்கையிலிருந்து மரைன் டிரைவுக்குத் திருப்பும்போது, தெருவின் நடுவில் கார் இழுக்காமல் நின்றுவிட்டதாம். மிதித்தும் எஞ்சின் கேட்கவில்லை. வந்த பஸ் கதவுக்கு ஒரு முழத்தில் பிரேக் போட்டு நின்றிருக்கிறது.

“பயத்திலை பிரேக்கை அமத்தியிருப்பீர்” என்றேன்.

“நான் பிரேக்கிலை கால் வைக்கேல்லை. மஞ்சள் லைட் ஒண்டு மினுங்கினது. சறுக்கிற கார் மாதிரிப் படம் போட்டது.”

அது டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு. வழுக்கும் தெருவில் சில்லு வெறுமனே சுழன்றால், அதைக் கண்டுபிடித்து எஞ்சினின் வலுவைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு. காய்ந்த தெருவில் அதற்கு என்ன வேலை? நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். உராய்வைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. “நீர் கூடுதலா மிதிச்சிருப்பீர், சில்லு சுத்தியிருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னேன்.

இருந்தாலும் பக்கத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, முன் வலது சில்லின் வேகத்தை அளக்கிற சென்சர் பிழை என்றார்கள். புதிதாகப் போட்டோம். நான் பெரிய தெருவான கோல் ரோட்டில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

மூன்றாம் நாள் அவள் சொன்னாள், “திரும்பவும் வந்தது. டக், டக், டக் எண்டு கேக்குது.” அடுத்த வாரமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் அலுத்துப்போய், “கார் உம்மட கையிலை மட்டும்தான் பிழைக்குதோ?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கைப்பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்து என் மேசையில் வைத்தாள். அதன் பிறகு பின்னேரங்களில் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தாள். ரயில் போகும், வெளிச்சம் மங்கும், அவள் அப்படியே நிற்பாள். நானும் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். கோயில் திருவிழாச் சனம் தெருவை நிறைத்திருந்தது. கார் ஆமை போல ஊர்ந்தது. அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

மஞ்சள் விளக்கு மினுங்கியது. மிதித்தேன், எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.  பக்கத்தில் இருந்தவள் என் பக்கம் திரும்பாமலே, “இதுதான்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அருகில் இருந்த ஒரு சின்னக் கராஜுக்குள் காரைத் தள்ளாத குறையாகக் கொண்டுபோனேன். என் வயதுக்காரர் ஒருவர், முன்பு துறைமுகத்தில் கிரேன் திருத்தியவராம், கையைத் துடைத்தபடி வந்தார். நான் சென்சர், கம்ப்யூட்டர், உராய்வு என்று விளக்கத் தொடங்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “கூடுதலா இத ஓட்டுறது யாரு சேர்?” என்றார். நான் அவளைக் காட்டினேன். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க மேடம். எப்பிடி வருது?”

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “மெதுவாப் போனாத்தான் வரும். வேகம் எடுத்தா மறைஞ்சிடும். சத்தம் ஒரே தாளத்திலை வரும். மெதுவா உருட்டினா மெதுவா, கொஞ்சம் கூட்டினா கெதியா. சில்லு ஒருக்காச் சுத்தினா ஒரு டக்.”

“அப்ப சென்சர்ல பிழை இல்ல. சுத்துற சாமான்லதான் பிழை” என்றார் அவர்.

 நான் ஒழுங்கையிலிருந்து சீறிக்கொண்டு வெளியேறுகிறவன். எனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

காரை ஜாக்கில் தூக்கிச் சில்லைக் கழற்றினார். உள்ளே அச்சைச் சுற்றி, சின்னச் சின்னப் பற்களோடு ஓர் இரும்பு வளையம். அந்தப் பற்களை எண்ணித்தான் சென்சர் வேகத்தை அறிகிறதாம். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைக் கையால் மெல்ல உருட்டினார். எங்கோ தேவாலய மணி அடித்தது. பட்டறைக்குள் சாய்ந்து விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. நாங்கள் மூவரும் தலையைச் சேர்த்துவைத்து அந்தப் பற்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

“நில்லுங்கோ” என்றாள் என் மனைவி. “இஞ்ச.”

இரண்டு பற்களுக்கு நடுவில், தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. துரு உள்ளிருந்து பிதுங்கி வளையத்தைப் பிளந்திருந்தது. “கடல் காத்து. உப்பு தின்னிருக்கு” என்றார் அவர். அந்த இடம் வரும்போதெல்லாம் சென்சர் கணக்குத் தப்பி, சில்லு சறுக்குகிறது என்று நம்பிய கார், ‘டக்’ என்று அந்தச் சில்லைப் பிடித்து எஞ்சினையும் அடக்கியிருக்கிறது. வேகமாகப் போகும்போது அந்தச் சின்னத் தப்பு பெரிதாகத் தெரிவதில்லையாம்.

மறுநாள், பழைய கார்ச் சாமான்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வளையம் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தார். திறப்பை அவர் என்னிடம் நீட்டவில்லை, அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனாள். நான் இடப்பக்கம் ஏறினேன்.

மரைன் டிரைவில் கடல் பொன்னாகக் கிடந்தது. அவள் வழமை போல ஊர்ந்தாள். எந்தச் சத்தமும் இல்லை. எங்கள் ஒழுங்கை வந்தது.

“என்னிலைதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளும்” என்றேன்.

“இப்ப கதைக்காதேங்கோ, திருப்பப் போறன்” என்றாள். திருப்பி நிறுத்தியபின் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த மெக்கானிக் அன்று அவளிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: ‘எப்பிடி வருது?’ ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்கவே இல்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, எதிரில் இருப்பவர்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.