பொன்னுருக்குத் தட்டில் வந்த காசு

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா சென்டரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துப் பொருத்துகிறவர் பத்மநாதன். ஊருக்கெல்லாம் கண் தெளிய வைக்கிற மனிதருக்கு ஒரே ஒரு பித்து, பழைய அமெரிக்கப் பொற்காசுகள். கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஒஸ்லோவில் இருந்துகொண்டு அமெரிக்கன் காசை எதற்குக் கட்டி அழுகிறான்? அவரிடம் அதற்கு நியாயமான பதில் கிடையாது. நியாயம் இருந்தால் அது பித்தா?

சேர்க்கிறார் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. 1834ஆம் ஆண்டின் ஐந்து டொலர் காசு, எடையில் ஏறக்குறைய நம்முடைய ஒரு பவுண். மற்றதெல்லாம் கணினியில் பார்க்கிற படங்கள்தான். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சுகளில் கைவேலை அதிகம் என்பதால் ஒரே ஆண்டுக் காசிலும் வித்தியாசங்கள் உண்டு. 1834இல் பெரும்பாலான காசுகளில் கடைசி நாலு மொட்டையாக நிற்கும். மிகச் சிலவற்றில் மட்டும் நாலின் படுக்கைக்கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு நிமிர்ந்த கீறல் இருக்கும். பத்மநாதன் அவற்றுக்கு மொட்டை நாலு, கொம்பு நாலு என்று பெயர் வைத்திருந்தார். அவருடையது மொட்டை. கொம்பு நாலு தன் ஆயுளில் கைக்கு வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். தேற்றிய பிறகும் படம் பார்ப்பதை விடவில்லை.

காசில் நட்சத்திரங்கள் சூழ ஒரு பெண்ணின் தலை உண்டு. மனைவி ராசமலர் அதை வெள்ளைக்காரி என்பார். நல்லநாள் பெருநாள் வந்தால் வெள்ளைக்காரி தன் பிளாஸ்டிக் கூட்டோடு பத்மநாதனின் சட்டைப்பைக்குள் ஏறிவிடுவாள்.

"என்னை விட்டிட்டுப் போனாலும் போவியள், அவளை விட்டிட்டு ஒரு இடமும் போகமாட்டியள்" என்று ராசமலர் ஊரைப்போல வேலியும் படலையும் இல்லாத அந்தப் பிளாட் வாசலில் நின்று சொல்லாத கல்யாணவீடு இல்லை.

அவர்களுடைய ஒரே மகள் ஆரபிக்கும் ஆன்ட்ரியாஸ் என்ற நோர்வேஜியப் பொடியனுக்கும் கல்யாணம் பேசி முடிந்தது. எல்லாம் தமிழ் முறைப்படிதான் நடக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் ஆன்ட்ரியாஸ்தான். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்க வேண்டும், அது மாப்பிள்ளையின் பொன்னாக இருக்க வேண்டும் என்று ஆரபி சொன்னதும், "உன் அப்பாவுக்கு எந்தப் பொன் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறான். அவள் யோசிக்காமல் 1834 ஐந்து டொலர் என்றாள். அப்பாவிடம் ஒன்று இருக்கிறதே, அதே காசு இன்னொன்று உருகினால் என்ன குறைந்துவிடும், தாலியில் அப்பாவின் ஆசையும் கொஞ்சம் கலக்கட்டும் என்பது பிள்ளையின் எண்ணம். ஆன்ட்ரியாஸ் நகரத்துப் பழங்காசுக் கடையொன்றில் தேடிப்பிடித்து வாங்கிவிட்டான். விற்றவர் நாலைக் கவனித்துப் பார்க்கவில்லை. பத்மநாதனிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பொன்னுருக்கு அன்று கல்யாணப் பொம்பிளை அங்கே வரக்கூடாது என்பது முறை, ஆகையால் ஆரபி வெஸ்ட்லியில் தங்கள் வீட்டிலேயே நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி கத்திவிடும் என்ற பயத்தில் நகை செய்கிற பத்தர் ஜெயரத்தினம் அடுப்பையும் பொன் உருக்கும் மூசையையும் பல்கனியில் வைத்திருந்தார். ஆன்ட்ரியாஸின் தாய் குத்துவிளக்கைத் தானே ஏற்றிவிட்டு, தேங்காயைக் குழந்தைப்பிள்ளையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். வெற்றிலையும் மஞ்சளும் பூவும் வைத்த தட்டு, நடுவில் காசோடு, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையைச் சுற்றி வந்தது.

ராசமலரோடு வந்திருந்த பத்மநாதன் தட்டின் மேல் குனிந்தார். முதலில் அந்தப் பெண் முகத்தைக் கண்டு அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. தன்னை நினைத்துத்தான் வாங்கியிருக்கிறான் என்று விளங்கியது. பிறகு கண் பழக்கத்தில் ஆண்டின் மேல் இறங்கியது. அந்த நாலுக்குக் கொம்பு இருந்தது.

பழைய அமெரிக்கப் பொற்காசுகளில் எத்தனையோ உருக்கப்பட்டே அழிந்தன என்று அகப்படுகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் வைத்தவர் அவர். இப்போது அப்படி ஒன்று அவர் கண்முன்னால், அவருடைய மகளின் தாலிக்காக, நெருப்புக்குப் போகிறது. தடுக்கவும் வழியில்லை. நல்ல காரியத்தில் 'வேண்டாம்', 'நிற்பாட்டு' என்ற சொல் வாயில் வரலாமா? அதுவும் பெண்ணைப் பெற்றவன் வாயில்?

"நல்லநேரம் முடியப்போகுது, கெதியாத் தாங்கோ" என்று ஜெயரத்தினம் பல்கனியிலிருந்து குரல் கொடுத்தார்.

பத்மநாதனின் கை சட்டைப்பைக்குப் போனது. உள்ளதைச் சொல்லவேண்டும், அவர் ஒன்றும் மகான் இல்லை. மொட்டை நாலைத் தட்டில் வைத்துவிட்டுக் கொம்பு நாலைப் பைக்குள் போட்டுக்கொண்டால் இந்தச் சபையில் கேட்க ஆளில்லை. இரண்டும் 1834. மாற்றியதாகச் சொன்னாலும் ஆன்ட்ரியாஸ் சந்தோஷமாகத் தலையாட்டுவான். அந்த எண்ணம் வந்தது, இனிப்பாகவும் இருந்தது. அப்போதுதான் ஆன்ட்ரியாஸ் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஆரபியிடம் பழகிய தமிழில் கேட்டான்.

"மாமா, இது பிழையான காசோ?"

அந்த வெள்ளை மனசைப் பார்த்து அவருக்கு வெட்கமாகிவிட்டது. கூட்டைத் திறந்து, இத்தனை வருடம் கூட இருந்த வெள்ளைக்காரியை எடுத்து வெற்றிலையின் மேல் வைத்தார். மற்றக் காசை அதே கூட்டுக்குள் வைத்து மூடி, ஆன்ட்ரியாஸின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மடக்கினார்.

"பிழையில்லைத் தம்பி. இது அருமையான காசு, அதுதான். என்ரை காசை உமக்குத் தந்திட்டன், இனி அது உம்மடை பொன். அதை உருக்குவம். இது உம்மட்டையே இருக்கட்டும், பத்திரமா வைச்சிரும்."

ஆன்ட்ரியாஸுக்குப் பாதி விளங்கியது. ராசமலருக்கு முழுதும் விளங்கியது. அவர் வந்து கணவரின் தோளோடு தோள் முட்ட நின்றார்.

மூசைக்குள் முதலில் நட்சத்திரங்கள் மங்கின. பிறகு முகம் போனது. ஒரு கணம் எல்லாம் சேர்ந்து மஞ்சளாய் நடுங்கி உருண்டது. பத்மநாதன் வாய்விட்டு அழுதார். பெண்ணைப் பெற்றவர் அழுவது உலக வழக்கம்தானே என்று சபை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தது.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும்முன் ஆரபிக்கு ஆன்ட்ரியாஸின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. ஆரபி கண்கள் சிவந்து கதவடியில் நின்றாள்.

"ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சன் அப்பா. என்ரை தாலிக்காக உங்கடை காசைக் குடுத்திட்டீங்களே!"

பத்மநாதனுக்குப் பொய் சொல்ல வராது. "உனக்காகக் குடுக்கேல்லைப் பிள்ளை. அந்த மற்றக் காசுக்காகக் குடுத்தனான்."

ஆரபி அழுகையும் சிரிப்புமாக அவரைக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அதை உங்களுக்குத் தரவேணுமெண்டு அவர் ஒற்றைக்காலிலை நிக்கிறார்."

"அதெப்படி? மாப்பிள்ளையின்ரை பொன் மாப்பிள்ளை வீட்டிலைதான் இருக்கவேணும்." சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார். "ஞாயிற்றுக்கிழமையிலை உங்கடை வீட்டை வந்து பாத்திட்டுப் போறன்."

"காசைப் பாக்கவோ?"

"பின்னை?"

சொல்லிவிட்டு அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு கிழமையில் இந்தக் கதவடியில் அவள் நிற்கமாட்டாள். கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தார்.

"காசைப் பாக்கிறதுக்குக் கனநேரம் எடுக்காது. நீ தேத்தண்ணி போடுவாய்தானே? அதை மட்டும் அவசரப்படாமல் ஆறுதலாப் போடு, பிள்ளை."