குடிகாரர் என்று இறக்கிவிடப் பார்த்தார்கள்

இன்று மதியம் வடலூரிலிருந்து நெய்வேலிக்கு வரும் பஸ்ஸில் நான் கத்திப் பேசினேன். ஆமாம், நான்தான்! படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

பக்கத்து சீட்டுக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, வாய் குழறியது. டிக்கெட் கேட்டு அலுத்த கண்டக்டர், "பட்டப்பகல்லயே ஊத்திக்கினு ஏறிட்டியா? எறங்குய்யா கீழ" என்று விசில் ஊதிவிட்டார்.

அவரிடம் சாராய வாடையே இல்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்த ஒரு நாள் எனக்கும் இப்படித்தான் ஆனது. ஆனால் நான் நினைப்பது தப்பாக இருந்தால்?

நான் யோசிப்பதற்குள் இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள்.

"விடுங்க! அவருக்கு சுகர் எறங்கிடுச்சு!"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவரிடம் குனிந்து, "சுகர் மாத்திரை போடுறீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன்... சாப்பாடு... இல்ல..."

பின் சீட்டு அம்மா மாம்பழ ஜூஸ் பாட்டிலை நீட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். நெய்வேலி ஆர்ச் கேட் ஸ்டாப் வருவதற்குள் தெளிந்துவிட்டார்!

அவர் முதலில் சொன்னது: "நான் மைன்ஸ்ல கான்ட்ராக்ட் ஆளுங்க. குடிக்கவே மாட்டேங்க."

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்ற கண்டக்டர், என் காதருகே வந்து, "சார், நானும் காலையில மாத்திரை போட்டதுதான். இன்னும் டிபன் பாக்ஸைத் தொறக்கல" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்க!" என்று அவரையும் அதட்டினேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மாத்திரைக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள்.