மூடியும் தூங்காத லேப்டாப்

கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னலில், பேட்டரியை மிச்சப்படுத்தும் பகுதியை எழுதுவது என் வேலை. நான் செய்த ஒரு மாற்றத்தால் சில லேப்டாப்புகள் மூடிய பிறகும் தூங்காமல் பைக்குள் கொதித்தன. பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பிழை என்னுடையதுதான் என்று எனக்கு மடல் எழுதியவர் திருத்தணியில் லேப்டாப் பழுது பார்ப்பவர். நேரில் பார்க்க அவர் கடைக்குப் போனேன்.

ஒல்லியான மனிதர். மூடிய லேப்டாப் எதுவானாலும் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கடைக்குள் பாய்ந்தார்.

"இன்னாய்யா ரிப்பேர் பண்ண? பை எரிஞ்சி எம்பொண்ணு முதுகு வெந்து கெடக்குது!"

கையிலிருந்த கருகிய லேப்டாப்பால் கடைக்காரர் முகத்தில் ஓங்கி அடித்தார். மூக்கு உடைந்தது. விழுந்தவரை வயிற்றிலேயே உதைத்தார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பயத்தில் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். அக்கம்பக்கத்தார் வந்து அந்தத் தகப்பனை இழுத்துப் போனார்கள்.

கடைக்காரர் மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டு எழுந்தார்.

"என்னை ஏன் காட்டிக் கொடுக்கல?" என்றேன்.

"உங்களையும் அடிச்சிட்டா இத்த யாரு சார் சரி பண்றது? இன்னும் நாலு பேரு இதே மெஷினை வெச்சிகினு இருக்காங்க. சீக்கிரம் மாத்துங்க, போட்டுப் பாத்து சொல்றேன்."

அங்கேயே உட்கார்ந்து என் மாற்றத்தை நீக்கினேன். அவர் அந்த நால்வருக்கும் போன் செய்து, "பையில வெக்காதீங்க" என்று ரத்தம் சொட்டச் சொட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதும் அவர் மடலுக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறேன். மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை.